பதிலாள் பாடம்

லெந்து நாட்கள் வந்தால் எனக்கு அலுப்பு வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சராக இருப்பவள், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உண்மை அதுதான். கிறிஸ்துமஸ் பாடம் சுலபம். குழந்தை பிறந்தது, நட்சத்திரம் வந்தது, இந்தா கேக் என்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். லெந்துவில் அந்த வேலை நடக்காது. ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒருவர் உனக்காகச் செத்தார் என்று சொல்ல வேண்டும். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் கோயில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சபையில் எல்லாருமே திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து எப்போதோ மலை ஏறி வந்த தமிழ்க் குடும்பங்கள். நான் வாரத்தில் ஆறு நாள் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சைக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற இடம். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி தின்ற காய் என்று பொழுதுக்கும் குனிந்து பொறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் டீச்சர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் உள்ளவர்கள் எல்லாம் டீச்சர் என்று கூப்பிடுவது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது, இப்போது அதுதான் என் பேர் என்று ஆகிவிட்டது.

வகுப்பு நடப்பது கோயிலுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில். மழை பெய்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. பாடப் புத்தகம் கீழே சமவெளியிலிருந்து வரும். அதை எழுதியவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தது போலத் தெரியவில்லை. 'பாவநிவாரண பலி' என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே ஒரு செம்மறி ஆட்டுக்குட்டி படம் இருக்கும். எங்கள் மலையில் செம்மறி கிடையாது. ஒரு வருஷம் ஒரு பையன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நாய்க்குட்டியவா வெட்டுனாங்க?" என்று கேட்டான். பாதிப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் மனப்பாட வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் ஒப்பிப்பார்கள். நான் சரி பார்க்க வேண்டும் என்றால் அவர்களே வாசித்துக் காட்ட வேண்டும். அதில் எத்தனை பேர் என்னை ஏமாற்றினார்கள் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மே மாத விடுமுறையில் கீழேயிருந்து இளைஞர்கள் வேனில் வருவார்கள். கலர் அட்டை காட்டுவார்கள். கறுப்பு என்றால் பாவம், சிவப்பு என்றால் இரத்தம், வெள்ளை என்றால் சுத்தமான இருதயம். மூன்று நாள் கை தட்டிப் பாட்டுப் பாடிவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கறுப்பான பிள்ளை என்னிடம் வந்து தன் கையைக் காட்டி, "எனக்கு மட்டும் பாவம் ஜாஸ்தியா டீச்சர்?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அந்த வேன் வராது.

நான் சொல்ல வந்தது நான்கு வருஷத்துக்கு முந்தைய லெந்துவைப் பற்றி. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள் ஸ்டோரில் காய் நிறைய வந்திருந்ததால் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. முதுகு வலியோடுதான் வகுப்புக்குப் போனேன். பலியைப் பற்றிய பாடம். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சாமிதானே டீச்சர், மன்னிச்சு விட்டுரலாம்ல? எதுக்கு ஒருத்தர் சாகணும்? எங்கப்பாவே விட்டுருவாரு" என்றான்.

வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை கேட்கிற கேள்விதான் இது. வருஷா வருஷம் நான் புத்தகத்தில் உள்ள விளக்கத்தைச் சொல்வேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், நான் ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவேன். அன்று எனக்கு அந்தக் கொட்டாவியைப் பார்க்கச் சக்தி இல்லை. அதனால் வேறு ஒன்று சொன்னேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தர வேலைக்காரர் நோயில் விழுந்து ரொம்ப நாள் வராமல் இருந்தால் பேர் எடுபட்டுப் போகும். பேர் போனால் லயத்து வீடும் போகும். அதனால் வீட்டிலிருந்து தங்கச்சியோ மருமகளோ அவருக்குப் பதிலாகப் போய் நிற்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் சூப்பர்வைசர் நோயாளியின் பேரைத்தான் கூப்பிடுவார். வந்தவள், "இருக்கேன்" என்பாள். ஆள் வேறு என்று அவருக்கும் தெரியும், நிற்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றைய வேலை முழுக்க நோயாளி செய்ததாகவே பதிவாகும். அப்படிப் போகிறவளைப் பதிலாள் என்போம்.

"பாவம் செஞ்சது நாம. தண்டனைக்கு நம்ம பேரக் கூப்பிட்டாங்க. அப்ப 'இருக்கேன்'னு சொல்லி முன்னால போய் நின்னது யாரு? இயேசப்பா. நமக்குப் பதிலாளாப் போனாரு. அதான் இரட்சிப்பு" என்றேன்.

ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கேள்வி கேட்ட பையன் மெதுவாக உட்கார்ந்தான். தினமும் காலையில் மஸ்டரைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள், அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இத்தனை வருஷமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்று மத்தியானம் சாப்பாடுகூட ருசியாக இருந்தது. ஆராதனைக்கு வந்த போதகரிடம் சொன்னபோது அவரும், "நல்ல உதாரணம், நான் பிரசங்கத்துலயே சொல்லலாம் போலிருக்கே" என்றார்.

அந்த வகுப்பில் எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வகுப்பு முடிந்ததும் என் வேதப் புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டு வளைவு வரைக்கும் என்னோடு நடந்து வருவாள். வழி முழுக்கப் பேச்சு. பேச்சில் பாதி மலையாளம். என் மகன் திருப்பூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு நிமிஷம் பேசுவான். இவள் இருபது நிமிஷம் பேசுவாள். எனக்கு அந்த இருபது நிமிஷம் பிடித்திருந்தது.

அவள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கீழே ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, இனி செய்ய ஒன்றும் இல்லை என்பது போலப் பேசி அனுப்பியிருந்தார்கள். அது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைக்குத் தெரியாதது எது. அம்மாவின் வேலைக்கு அவள் சித்தி போய்க்கொண்டிருந்தாள். அன்று நடந்து வரும்போது, "எங்க சித்தி அம்மாக்குப் போறாங்கல்ல, அது மாதிரியா டீச்சர் இயேசப்பா?" என்று கேட்டாள்.

"அதே மாதிரிதான்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் ஒரு சின்னப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு ஊசி வேறு.

"டீச்சர், இயேசப்பா மட்டுந்தான் பதிலாப் போலாமா? வேற யாரும் போலாமா?"

"பாசம் இருந்தா யாரு வேணா போலாம்" என்றேன். ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த ரிப்பனைத் தூக்கி அடுப்பில் போடலாம் போல இருக்கிறது.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, மத்தியானம் அவள் அப்பா ஸ்டோருக்கு வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அந்த உடுப்போடு, மருந்து வாடையோடு வாசலில் நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"டீச்சர், பிள்ள சாப்ட மாட்டேங்கா. அஞ்சு நாளாச்சு. பள்ளிக்கூடத்துல சாப்ட்டேன்னு வீட்டுல சொல்லிருக்கா, வீட்டுல சாப்ட்டேன்னு அங்க சொல்லிருக்கா. பாலில்லாத வெறும் கட்டங்காப்பிதான். இன்னைக்குக் காலைல பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா."

"டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"போனேன். உடம்புக்கு ஒண்ணுமில்லங்காங்க. எதுக்கு இப்டிப் பண்ணுதன்னு கேட்டா, டீச்சருக்குத் தெரியும்ங்கா."

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக அந்த நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை. நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் நேராக அவர்கள் லயத்துக்குப் போனேன்.

ஒரே அறை. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, பாவாடை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கோயிலில் போதகர் பேர் வாசித்து நோயாளிகளுக்காக ஜெபிக்க நாங்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டு. மலையாள எழுத்தில் இரண்டு பேர்கள் இருந்தன. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அவளே விரல் வைத்துச் சொன்னாள். மேலே கோடு போட்டு அடித்திருந்தது அம்மா பேர். கீழே எழுதியிருந்தது அவள் பேர்.

"ஞாயித்துக்கெழம ஐயாட்டக் குடுங்க டீச்சர். அம்மா பேர வாசிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் போறேன்னு சாமிட்ட சொல்லிட்டேன்."

அவள் அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் அம்மாவின் முதுகு அசைந்தது. அவள் தூங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வேதம் எல்லாவற்றையும் திரட்டி, "அப்படி இல்லத்தா. இயேசப்பா ஒருத்தர்தான் பதிலுக்குப் போக முடியும். அவரு எல்லாருக்கும் சேத்துப் போயிட்டாரு. இனிமே யாரும் போக வேண்டியதில்ல" என்றேன்.

"அம்மாக்கும் போயிட்டாரா?"

"அம்மாக்கும் போயிட்டாரு."

"அப்ப அம்மாக்கு ஏன் இன்னும் வலிக்கு?"

போதகராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அது ஆத்துமாவுக்கு, இது சரீரத்துக்கு என்று ஆரம்பித்திருப்பார். நானும் ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் எனக்கே பாதிதான் தெரியும் என்பது அந்த அறையில்தான் தெரிந்தது. கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என் மேல் பாதி, மேலே இருக்கிறவர் மேல் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது அம்மா திரும்பிப் படுத்தாள். அதற்கே அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. "டீச்சர், பானையில சோறு இருக்கு. குடுங்க" என்றாள். பிறகு மகளிடம், "நீ பட்டினியாக் கெடந்தா எனக்குத்தான் வயிறு எரியுது. தின்னு" என்றாள்.

நான் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். சுட்ட கருவாடு ஒரு துண்டு இருந்தது. பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். "சாமிட்ட சொல்லிட்டேன், சாமிட்ட சொல்லிட்டேன்" என்றாள். நான் ஒரு கையால் தாடையைப் பிடித்து ஒரு வாய் ஊட்டினேன். இரண்டாவது வாய்க்கு அவள் மறுக்கவில்லை. மூன்றாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். அதன் பிறகு என் கையிலிருந்து தட்டை வாங்கி அவளே அள்ளிச் சாப்பிட்டாள். இன்னும் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். எட்டு வயது வயிறு, ஐந்து நாள் பசி.

அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வந்து போயின. பிள்ளை வகுப்புக்கு வந்தாள், என் வேதப் புத்தகத்தைச் சுமந்தாள், பேசினாள். அம்மா ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் இறந்து போனாள். நல்ல மழை. கல்லறைத் தோட்டம் சரிவில் இருப்பதால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, பெட்டியை இறக்குவதற்கு முன் இரண்டு முறை இறைத்தார்கள். பிள்ளை அழவில்லை. சித்தியின் குடைக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து நான்கைந்து நாளில் அவள் அப்பா மறுபடியும் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இந்த முறை பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். துக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள்.

"அன்னைக்கு நான் சாப்ட்ருக்கக் கூடாது டீச்சர்."

"என்னைக்கு?"

"கருவாடு வச்சு. மூணு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன். நான் போறேன்னு சொல்லிட்டுச் சாப்ட்டுட்டேன்ல. அதான் சாமி அம்மாவக் கூப்ட்டுட்டாரு."

அவள் குரலில் அழுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னாள்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு வந்தது நோய், நீ பிறக்காமலே இருந்திருந்தாலும் வந்திருக்கும், டாக்டர் ஈஸ்டருக்கு முன்னாலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டார், சாமி அப்படிப் பேரம் பேசுகிறவர் இல்லை. அப்பாவும் சொன்னார். மறுநாள் போதகர் வந்து மடியில் வைத்துச் சொன்னார். பரலோகத்தில் அம்மா வலி இல்லாமல் இருக்கிறாள் என்றார். பிள்ளை எல்லாருக்கும் தலையாட்டினாள். வகுப்பில் பாடம் கேட்கிற மாதிரியே மரியாதையாகக் கேட்டாள். தட்டைத் தொடவில்லை. பதிலாள் பாடம் அவள் மனதில் அவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தது. அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதே இல்லை.

மூன்றாவது நாள் டிஸ்பென்சரி நர்ஸ், இனி வைத்துக்கொண்டிருக்க முடியாது, கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஜீப்புக்குச் சொல்ல அப்பா வெளியே போனார். அறையில் நானும் பிள்ளையும் மட்டும். அவள் கை என் கையில் இருந்தது. அப்படி ஒரு அலுப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இனி விளக்கம் சொல்ல முடியாது என்று தோன்றியது. நடந்ததற்குப் பழி ஏற்க இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டும். அது அவளாக இருந்தால் பிழைக்க மாட்டாள்.

"ஏ பிள்ள, இங்க பாரு. நீ எங்க சாப்ட்ட? நீ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்ன. சாமிட்ட சொல்லிட்டேன்னு சொன்ன. நான்தான் கேக்கல. உன் தாடையப் பிடிச்சு நான்தான் வாயில திணிச்சேன். நீ சொன்ன வாக்கக் காப்பாத்துன. அதக் கெடுத்தது நான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தாடையைப் பிடித்தது உண்மைதானே, அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் ஊட்டுனீங்க" என்றாள். பிறகு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு என்னை அடிக்க ஆரம்பித்தாள். தோளில், மார்பில், முகத்தில். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ. அம்மா செத்த பிறகு அன்றுதான் முதலில் அழுதாள். சத்தம் கேட்டுச் சித்தி ஓடி வந்து என்னைத்தான் முறைத்தாள். "எங்கம்மாவ இவங்கதான் கொன்னாங்க" என்று பிள்ளை கத்தினாள். நான் எழுந்து வெளியே வந்து, வாசலில் ஜீப்போடு நின்ற அப்பாவிடம், உள்ளே போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கட்டப்பனைக்குப் போகத் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலம் சித்தி கொடுத்த கஞ்சியைக் குடித்தாள் என்று ஆள் வந்து சொன்னார்கள். மறுநாள் இட்லி சாப்பிட்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனாள்.

போதகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளைக்குப் பொய் சொல்லியிருக்கீங்க. அதுவும் இவ்வளவு பெரிய பொய். நாளைக்கு அது மனசுல என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யோசிக்கவில்லை ஐயா என்றேன். அதுதான் உண்மை. யோசித்துச் செய்திருந்தால் நானும் அதைப் பெரிய தியாகம் என்று சொல்லிக்கொள்ளலாம். வாயில் வந்தது, சொன்னேன்.

பிள்ளை என் வகுப்புக்கு அதன் பிறகு வரவில்லை. ஆராதனைக்கு வருவாள், அப்பா பக்கத்தில் உட்காருவாள். ரோட்டில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். நான் இரண்டொரு முறை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் விழாதது போலப் போனாள். விட்டுவிட்டேன். ரோட்டு வளைவு வரைக்கும் என் புத்தகத்தை நானே சுமந்து போகிறேன். அது ஒன்றும் பாரமில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் பேச்சில்லாமல் நடப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஒளித்து என்ன ஆகப் போகிறது.

லெந்துப் பாடம் இப்போதும் நான்தான் எடுக்கிறேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசிக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஏன் ஒருத்தர் சாகணும் என்று யாராவது கேட்டால், எனக்கு முழுசாத் தெரியாது, பெரியவனானதும் நீ படிச்சுச் சொல்லு என்கிறேன். எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருத்தருக்குப் பதிலாகப் போய் நிற்பது நல்ல காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். போய் நின்றவரை, காப்பாற்றப்பட்டவர்களே வெறுப்பார்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும்தான் இருந்தது. நான்தான் அதைக் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் அப்பா கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு. வகுப்பில் முதலாவது வருகிறாளாம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள் என்றார். கொஞ்ச நேரம் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பப் பெரிய பிள்ளையாயிட்டா டீச்சர். விவரம் தெரியுது. நீங்க சொன்னது நெசமில்லன்னு நானே சொல்லிரட்டுமா? உங்களப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறதப் பாத்தா எனக்குச் சங்கடமா இருக்கு."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படியொரு ஆசை. அவள் ஒரு தடவை என் பக்கம் வந்து, டீச்சர் என்று கூப்பிட்டால் போதும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நினைத்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளிக் கோயில் கேட்டுக்கு அருகில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் திணிக்கலன்னு ஆயிட்டா, அப்புறம் அன்னைக்கு வாக்க மீறிச் சாப்ட்டது யாரு?" என்றேன்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். சொல்லாதீங்க" என்றேன்.

அவர் மகளைக் கூப்பிட்டார். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.